அக்காவின் பத்தொன்பது மண்டலங்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு எதிலாவது பிறந்ததாகச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். 'வானத்தின் மீதிருந்த தீராத வியப்பில்' என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன், படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது எதிர் பிளாக்கின் துணிக்கொடிகள். வியப்புக்கு அங்கே அதிகம் இடமில்லை. பொறாமைக்குப் போதுமான இடம் இருந்தது.

கதையில் ஓர் அக்காவும் தங்கையும் வருகிறார்கள். தங்கை நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதத் தொடங்கியதும் எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் நியாயம் சொல்கிறேன். அதனால் தங்கையை இனி 'அவள்' என்றே சொல்லப்போகிறேன். அவள் பெயர் தனேஸ்வரி, வீட்டில் தனேஸ். அக்காவின் பெயர் ரூபினி. இரண்டும் மாற்றிய பெயர்கள். அக்காவுக்கு அழகில்லாத பெயராக ஒன்று வைக்கலாமென்று அரை மணி நேரம் தேடினேன். மனசு வரவில்லை.

2

தொடக்கங்கள்.

(அ) கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஆய்வேடுகளை அச்சடித்துக் கட்டித்தரும் கடை ஒன்றில், ஒரு மௌனமான பெண்—

விட்டுவிட்டேன். 'மௌனமான பெண்' என்று எழுதினால் உள்ளே ஏதோ ஆழம் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. தனேஸ் மௌனமானவள் இல்லை. பேச வெட்கப்படுகிறவள். மௌனமானவர்களை மற்றவர்கள் மதிக்கிறார்கள். வெட்கப்படுகிறவர்களிடம் 'வாயில என்ன வச்சிருக்கே' என்று கேட்கிறார்கள்.

(ஆ) ரூபினி கர்வம் பிடித்தவள்.

இதில் இரண்டு பக்கம் ஓடினேன். பிறகு ரூபினி செய்த கர்வமான காரியம் ஒன்றை எழுத வேண்டிய இடம் வந்தது. எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பேனாவை மூடி வைத்தேன். எழுதுகிற ஒருத்திக்கு இதைவிட எரிச்சல் தருவது வேறில்லை.

(இ) தனேஸ் பதினாறு வயதில், நான்காம் படிவத்தோடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்றால்—

[இதற்கு மூன்று பக்கம் ஒதுக்கினேன். மூன்றும் காலியாகவே இருக்கின்றன. தாண்டிப் போங்கள்.]

ஆக, தொடக்கமே இல்லாமல் கதைக்குள் போய்விடுகிறேன். தனேஸுக்கு இப்போது இருபது வயது. ஹபீபா பீவி நடத்தும் அந்தக் கடையில் வேலை செய்கிறாள். ரூபினிக்கு இருபத்தைந்து. எதிரே உள்ள பல்கலைக்கழகத்தில் வானியலில் முதுகலை ஆய்வு செய்கிறாள். இருவரும் காலையில் ஒரே பேருந்தில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். இறங்கியதும் அக்கா சாலையைக் கடக்கிறாள். தங்கை கடப்பதில்லை.

3

சனிக்கிழமை காலை. ரூபினி கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் மடிக்கணினி. ஆய்வைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் விளக்கிப் பழகச் சொல்லியிருந்தார் அவளுடைய பேராசிரியர். வீட்டில் அந்தத் தகுதிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

"தனேஸ், துணி மடிக்கிறத நிறுத்தாதே, மடிச்சுக்கிட்டே கேளு. சின்னச் சின்ன கேலக்சி இருக்குல்ல, நம்ம பால்வீதி மாதிரி பெருசு இல்ல. அதுங்கள்ல உலோகம் ரொம்பக் கம்மி."

"உலோகம்னா இரும்பா?"

"இரும்பு, கார்பன், ஆக்சிஜன், எல்லாம்தான்."

"ஆக்சிஜன் எப்டிக்கா உலோகம்?"

"ஹைட்ரஜன், ஹீலியம் ரெண்டையும் விட்டா மிச்சம் எல்லாத்தையும் எங்க ஆளுங்க உலோகம்னுதான் சொல்லுவாங்க."

"எங்க கெமிஸ்ட்ரி டீச்சர் கேட்டா பெரம்ப எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும் லா." ரூபினி சிரித்தாள்.

தனேஸ் சிரிக்கவில்லை. 'எங்க ஆளுங்க' என்ற சொல் ஊசியாக எங்கோ குத்தி உள்ளேயே முறிந்துபோனது. அந்த வீட்டில் அதுவரை 'எங்க ஆளுங்க' என்றால் அப்பா, அம்மா, ரூபினி, தனேஸ்.*

* இந்த இடத்தில் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள், கேலக்சி என்கிற நட்சத்திர மண்டலங்களில் பெரியது அக்கா, சிறியது தங்கை என்று கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். நானும் போட்டேன், ஒரு பத்தி முழுக்க. அடித்துவிட்டேன். மண்டலங்களுக்குப் பொறாமை கிடையாது. அவற்றை இந்த அசிங்கத்துக்குள் இழுக்காமல் இருப்பதுதான் மரியாதை.

ரூபினி தொடர்ந்தாள். நட்சத்திரங்கள்தான் ஆக்சிஜனைச் சமைக்கின்றன. வெடித்துச் சாகும்போது சுற்றிலும் இறைக்கின்றன. பெரிய மண்டலம் அதை ஈர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சின்னதற்கு அந்தப் பலம் இல்லை, பாதி வெளியே ஓடிவிடும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளுடைய கேள்வி அடுத்தது. ஏறக்குறைய ஒரே எடையுள்ள சின்ன மண்டலங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், எது வேகமாக நட்சத்திரங்களைப் பெற்றெடுக்கிறதோ அதில் ஆக்சிஜன் இன்னும் குறைவாக இருக்கிறதா?

"கூடத்தானே இருக்கணும்?" என்றாள் தனேஸ். "நட்சத்திரந்தானே சமைக்குதுன்னே."

"அங்கதான் இருக்கு விஷயம்! வெளியிலேர்ந்து புது வாயு வந்து விழுது. சுத்தமான வாயு, உலோகமே இல்லாதது. விருந்தாளி வந்தா அம்மா ரசத்துல தண்ணி ஊத்துறாங்கல்ல? அந்த மாதிரி நீர்த்துப் போயிடும்."

தனேஸ் ஒரு தலையணை உறையை மடித்து முடித்தாள். "ரசத்துல ஊத்துற தண்ணி அடுப்ப எரிய வைக்காதேக்கா. இங்க அந்த வாயுதான் விறகும், அதுதான் தண்ணியும். அதனாலதான் நெருப்பும் ஜாஸ்தியாவுது, ரசமும் நீத்துப் போவுது. ஒரே நேரத்துல."

ரூபினி தலையைத் தூக்கினாள். "ஏய். இத நான் எடுத்துக்கவா? பிரசண்டேஷன்ல சொல்றேன்."

"எடுத்துக்கோ."

['எடுத்துக்கோ' என்று அவள் சொன்னது உண்மை. அப்போது அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை நான்கு முறை மடித்தாள் என்பதும் உண்மை.]

4

தனேஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடைக்குக் கட்டுவதற்கு வரும் ஆய்வேடுகளில் பிடித்த பக்கத்தைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொள்வாள். மீன் வளர்ப்பு, பாலம், மலாய்க் கவிதை, எதுவானாலும் சரி. அட்டைக் கட்டுகளுக்கு அடியில் அந்த நோட்டுகள் இருக்கும். ஹபீபா அக்காவுக்குத் தெரியும், கேட்டதில்லை.

ஓர வெட்டுக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ரூபினி தன் ஆய்வேட்டின் வரைவைக் கொடுத்திருந்தாள். அதிலிருந்த அட்டவணையை தனேஸ் முழுசாக எழுதிக்கொண்டாள். பத்தொன்பது சிறு மண்டலங்கள், பத்தொன்பது வரிகள். பெயர், வானத்தில் இருக்கும் இடம், நட்சத்திரப் பிறப்பின் வேகம், ஆக்சிஜன் அளவு. அடியில் பொடி எழுத்தில் குறிப்புகள். அவற்றையும் விடவில்லை.

இந்தத் தகவல்கள் இரண்டு பழைய பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு பட்டியல் வானத்தின் இடத்தை மணி, நிமிடமாகச் சொல்லும். இன்னொன்று பாகையாகச் சொல்லும். ஒரு மணிக்குப் பதினைந்து பாகை என்று ரூபினிதான் எப்போதோ சொல்லியிருந்தாள். கடையில் ஆள் வராத ஒரு மதியம், தனேஸ் மணிகளையெல்லாம் பாகையாக மாற்றிக்கொண்டிருந்தாள். எந்த நோக்கமும் இல்லை. சிலர் குறுக்கெழுத்து போடுவார்கள், அதுபோல.

ஏழாவது வரி: 10 மணி 2 நிமிடம். பதினைந்தால் பெருக்கினால் 150.5 பாகை.

பதினாறாவது வரி: 150.5 பாகை.

அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். ஒன்றில் 29 பாகை 24 கலை, இன்னொன்றில் 29.4 பாகை. அறுபது கலை ஒரு பாகை. இரண்டும் ஒன்றுதான்.

பெயர் வேறு, பட்டியல் வேறு, மண்டலம் ஒன்றே. பெயர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ரூபினி ஒரே மண்டலத்தை இரண்டு முறை எண்ணியிருந்தாள். பேராசிரியர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

அந்தக் கணத்தில் தனேஸுக்கு என்ன தோன்றியது என்று எழுத நான் ஐந்து சொற்களை முயன்றேன். அதிர்ச்சி. கவலை. பதற்றம். வருத்தம். ஐந்தாவதுதான் சரி. மகிழ்ச்சி. ஒரு குவளை ஐஸ் மைலோவை ஒரே மூச்சில் குடித்ததுபோல் குளிர்ந்த, வயிறு நிறைந்த மகிழ்ச்சி.

5

அது அரை நாள்கூட நீடிக்கவில்லை, ஏனென்றால் அவள் அட்டவணையை மறுபடி பார்த்தாள்.

ஒரே மண்டலம் என்றால் ஆக்சிஜன் ஏன் இரண்டு அளவில் இருக்கிறது? ஏழாவது வரியில் மிகக் குறைவு, பத்தொன்பதிலும் அதுதான் குறைவு. நட்சத்திரப் பிறப்போ பத்தொன்பதிலும் அதிகம். பதினாறாவது வரியில் ஆக்சிஜன் சாதாரணம், பிறப்பும் மந்தம். அடிக்குறிப்புகளைப் பார்த்தாள். ஏழுக்கு: 'மேற்கு முனையிலிருந்து மட்டும் ஒளி பெறப்பட்டது.' பதினாறுக்கு: 'கிழக்குப் பகுதி.'

யாரும் தவறாக அளக்கவில்லை. இரண்டு பேர் ஒரே மண்டலத்தின் இரண்டு ஓரங்களை அளந்திருக்கிறார்கள். மேற்கு முனையில் புது வாயு வந்து விழுந்திருக்க வேண்டும். அங்கே நெருப்பும் அதிகம், ரசமும் நீர்த்திருக்கிறது. கிழக்கில் இன்னும் பழைய ரசம். பத்தொன்பது மண்டலங்களை வரிசையாக நிறுத்தி ரூபினி தேடிய விஷயம், ஒரே மண்டலத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அக்காவின் ஆய்வேட்டிலேயே மிக அழகான பகுதி அதன் பிழைதான். அது அக்காவுக்குத் தெரியாது.

தனேஸ் இதை நோட்டில் எழுதித் தேதி போட்டாள். (நான்காம் படிவத்தோடு நின்றவளுக்கு இதெல்லாம் விளங்குமா என்று ஒருவர் கேட்கலாம். கேளுங்கள். விளங்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் எழுதி முடித்த பிறகு அவள் ஒரு வரியையும் அடிக்கவில்லை. அது அவளுக்குப் புதிது.)

பிறகு ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைத் திருப்பினாள். பேராசிரியருக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, ஆய்வக நண்பர்களுக்கு நன்றி. தன் பெயரைத் தேடினாள். இல்லை.

[பொய். இருந்தது. 'என் தங்கை தனேஸ்வரிக்கு. என்னைவிட நன்றாகக் கேட்பவள்.' கதைக்கு வசதியாக இருக்குமென்று மறைத்துப் பார்த்தேன். அக்கா என்னை மறந்திருந்தால் இந்தப் பொறாமைக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். மறக்கவில்லை. கேட்பவள் என்று எழுதியிருக்கிறாள். கேட்பவள்.]

6

முடிவுகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

முதல் முடிவு. தனேஸ் ஒன்றும் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏழும் பதினாறும் ஒன்றுதானே?" என்கிறார். ரூபினியின் முகம் வெளுக்கிறது. வீட்டுக்கு வந்து தங்கையின் தோளில் விழுந்து அழுகிறாள். இதை மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ரூபினி இன்னும் கொஞ்சம் அதிகமாக அழுதாள். மூன்றாவது முறை தங்கை அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தத் தடவலை என்னாலேயே இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு. தனேஸ் எல்லாவற்றையும் சொல்கிறாள். ரூபினி அவளைக் கட்டிக்கொண்டு, இது உன் கண்டுபிடிப்பு, உன் பெயர்தான் முதலில் வரும் என்கிறாள். பட்டர்வொர்த்தில் வேலை முடிந்து படகில் திரும்பும் அப்பா, பக்கத்தில் இருப்பவரிடம் 'என் ரெண்டு மகளும்' என்று ஆரம்பிக்கிறார்—

அப்பா எப்போதும் 'என் பெரிய மக ஆராய்ச்சி பண்றா' என்றுதான் ஆரம்பிப்பார். 'சின்னது கடையில இருக்கு' என்று முடிப்பார். அவர் வாயில் வேறு வாக்கியத்தை வைக்க எனக்கு வரவில்லை.

மூன்றாவது முடிவு நடந்தது. அதாவது, நடந்துகொண்டிருக்கிறது.

7

வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. மறுநாள் ஐந்து பிரதிகளை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் அவை தேர்வாளர்களின் கைக்குப் போய்விடும், பிறகு ஓர் எழுத்தையும் தொட முடியாது. ஐந்து கட்டுகளும் அச்சிலிருந்து சூடாக இறங்கியிருந்தன. இனி ஓரத்தில் துளை போட்டு பிளாஸ்டிக் சுருளை மாட்ட வேண்டியதுதான். வேறு யாரும் கட்டக்கூடாது, தனேஸ்தான் கட்ட வேண்டும் என்று ரூபினி முன்பே சொல்லியிருந்தாள். எதிரில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

தனேஸ் முதல் கட்டைத் துளையிடும் இயந்திரத்தில் வைத்தாள். பிடியில் கை வைத்தாள். அழுத்தவில்லை.

"என்னாடி, புடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி நிக்கிறே?" என்றார் ஹபீபா அக்கா, கல்லாவிலிருந்து. "உங்க அக்கா பட்டம் வாங்குறதுக்குள்ள நான் கடைய வித்துட்டுப் போயிருவேன் போல."

"அவ எப்பவுமே இப்படித்தான்க்கா," என்றாள் ரூபினி. "ஓரம் ஒரு மயிரிழை கோணினாலும் மறுபடி வெட்டுவா. அதான் இவகிட்ட வர்றேன்."

புகழ்ச்சிதான். உண்மையான புகழ்ச்சி. அக்காவின் ஆய்வு அண்டத்தைப் பற்றியது, தங்கையின் திறமை ஓரத்தைப் பற்றியது.

"ஏழும் பதினாறும் ஒண்ணு," என்றாள் தனேஸ்.

"என்னது?"

"அட்டவணையில. ஏழாவது வரியும் பதினாறாவது வரியும். ஒரே கேலக்சிக்கா. பதினைஞ்சால பெருக்கிப் பாரு."

ரூபினியின் கால் நின்றது. மடிக்கணினியைத் திறந்தாள். பெருக்கினாள். இன்னொரு முறை பெருக்கினாள். முகம் வெளுத்தது. நான் முதல் முடிவில் எழுதியதைப் போலவேதான் வெளுத்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"அல்லாவே," என்றார் ஹபீபா அக்கா. "தப்பா? அஞ்சு காப்பியும் அடிச்சாச்சேம்மா."

"எத்தன நாளா தெரியும் உனக்கு?" என்றாள் ரூபினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒம்பது நாளா."

இதற்கு ரூபினி கத்தியிருக்க வேண்டும். அப்படி ஒரு வரி எழுதியும் வைத்திருந்தேன்: 'ஒம்பது நாளா வாய மூடிக்கிட்டா இருந்தே, பாவி—' அவள் அதைச் சொல்லவில்லை. "நல்ல வேள, பத்து நாளாக்கல லா," என்றாள். குரல் உடைந்திருந்தது. அந்த உடைந்த குரலிலும் சிரிப்பு இருந்தது. என்னால் முடியாத இன்னொன்று அது.

அவள் வரைபடத்தைத் திறந்தாள். பத்தொன்பது புள்ளிகள், அவற்றின் ஊடே சரிந்து இறங்கும் ஒரு கோடு. அந்தச் சரிவுதான் அவளுடைய ஆய்வின் முடிவு. ஒரு கோடியில், தனியாக, கீழே நிற்கிறது ஏழாவது புள்ளி. கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

"ஏழ எடுத்தா கோடு படுத்துரும்," என்றாள் ரூபினி மெதுவாக. "ரெண்டு வருச வேல படுத்துரும். பதினாற எடுத்தா கோடு அப்டியே நிக்கும். ஆனா எனக்கு வசதியா இருக்குன்னு ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ண தூக்கினா, அது திருட்டு."

"யாருக்கும்மா தெரியப் போவுது?" என்றார் ஹபீபா அக்கா.

"எனக்குத் தெரியும்லக்கா."

[நேர்மையும் அவளிடமே இருக்கட்டும். எல்லாம் அவளிடமே இருக்கட்டும்.]

ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏழாவது வரியின் மேல் சுட்டியை வைத்தாள். அழிக்கும் விசையில் விரல். பிறகு தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தாள். இதற்கு முன் அக்கா தன்னிடம் பதில் கேட்டு இப்படிப் பார்த்ததாக தனேஸுக்கு நினைவில் இல்லை.

"ரெண்டுல ஒண்ணு தப்பா அளந்திருக்கணும். எது தப்பு, தனேஸ்? எத தூக்கட்டும்?"

8

நான் இங்கே நிறுத்துகிறேன்.

இரண்டும் சரி என்று தனேஸுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் ரூபினி ஒரு கணம் விழிப்பாள். பிறகு அவள் கண்கள் அகலமாகும். பிறகு தங்கையைக் கட்டிக்கொள்வாள், பேராசிரியரைக் கூப்பிடுவாள், ஒரு மாதம் தவணை கேட்பாள், புதிதாக ஓர் அத்தியாயம் எழுதுவாள். நன்றியுரையில் இன்னொரு வரி சேரும். அந்த மேற்கு முனை அன்றிலிருந்து அவளுடையதாகிவிடும். அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். நான்தான் கொடுத்திருப்பேன். அதுதான் பொறுக்கவில்லை.

சொல்லாவிட்டால் ரூபினி ஏழாவது வரியை அழித்துவிடுவாள். கோடு படுத்துவிடும். அந்த முனை தனேஸுடையதாகவே இருக்கும், அட்டைக் கட்டுகளுக்கு அடியில், ஒருவரும் பார்க்காமல். இருக்கும் என்றால் எப்படி இருக்கும் என்றும் கேட்டுப் பார்த்தேன்.

விரல் விசையின் மேல் இருக்கிறது. நான் அடுத்த வரியை எழுதாதவரை அது இறங்காது. கதை எழுதுகிறவளுக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது, அதை இன்றைக்கு முழுக்கப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இதில் ஒன்றை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். அக்காவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு ஓரங்கள், புது வாயு, எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்கள் எந்த நேரமும் கடைக்குள் வந்து, வெட்கமே இல்லாமல், உரத்த குரலில் ரூபினியிடம் சொல்லிவிடலாம். அவள் உங்கள் பக்கம் திரும்பி அதே கண்களோடு உங்களைப் பார்ப்பாள். நல்ல காரியம்தான். செய்ய வேண்டிய காரியம்தான்.

ஆனால் அந்தப் பார்வை உங்களுக்குக் கிடைப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கொஞ்சம் வாசலிலேயே நில்லுங்கள். அவள் என்னைத்தான் கேட்டாள்.